சமூக, பண்பாட்டு மானிடவியல் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் மானிடவியல் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தத் துறையில் படித்து, முதலாண்டு வகுப்புகளுக்குப் பாடமும் எடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். எனக்குப் பிடித்த இடங்களில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

இது எதைப் பற்றிய படிப்பு?

மனிதர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றியது. யார் யாருக்கு உறவு, யார் சொன்னால் யார் கேட்பார்கள், ஒன்றைக் கொடுத்தால் எதைத் திருப்பித் தர வேண்டும், நோய் ஏன் வருகிறது என்று மக்கள் நினைக்கிறார்கள், இறந்தவரை என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் இதற்குள் வரும். இதே கேள்விகளை வேறு துறைகளும் கேட்கின்றன. மானிடவியல் வேறுபடுவது விடை தேடும் முறையில். இங்கே படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வதில்லை. போய்த் தங்கி, பழகி, கூடமாட வேலை செய்து, பார்த்ததை எழுதுவார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர்கள் செய்வதாகச் சொல்வது ஒன்று, செய்ய வேண்டும் என்று நினைப்பது இன்னொன்று, உண்மையில் செய்வது வேறொன்று. மூன்றையும் சேர்த்துப் பார்க்க நாள் பிடிக்கும். இந்தப் படிப்பு முழுக்க அதற்கான பயிற்சிதான் என்பது என் கட்சி. கீழே வரும் பதில்களில் அந்தச் சாய்வு தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சமூகவியலும் இதுவும் ஒன்றுதானே?

இப்போது எல்லை அவ்வளவு கறாராக இல்லை. தொழில்மயமான ஐரோப்பா தன்னைப் புரிந்துகொள்ள சமூகவியலை உருவாக்கியது. தனக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றி எழுத மானிடவியலை உருவாக்கியது. அந்தப் பாகப்பிரிவினையை இன்று யாரும் மதிப்பதில்லை. நடைமுறையில் மிஞ்சியிருப்பது வேலை செய்யும் அளவில் உள்ள வித்தியாசம். சமூகவியலாளர் ஆயிரம் பேரிடம் ஆளுக்கு அரை மணி நேரம் பேசிவிட்டு வருவார். மானிடவியலாளர் ஐம்பது பேருடன் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வருவார். இருபக்கமும் விதிவிலக்குகள் ஏராளம். நிறைய பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே துறையாகவே இருக்கின்றன.

எலும்பு, மண்டையோடு, அகழாய்வு எல்லாம் படிக்க வேண்டுமா?

எந்த நாட்டில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க மரபில் மானிடவியல் என்றால் நான்கு கிளைகள்: உடல்சார் மானிடவியல், தொல்லியல், மொழியியல் மானிடவியல், பண்பாட்டு மானிடவியல். இளநிலையில் நான்கையும் தொட்டுவிட்டுத்தான் ஒன்றுக்குள் போவீர்கள். பிரிட்டிஷ் மரபில் சமூக மானிடவியல் தனியாகவே ஓடும், எலும்பைப் பார்க்காமலே பட்டம் வாங்கலாம். பாடத்திட்டத்தை ஒரு முறை படித்துப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பழங்குடிகளைப் பற்றி மட்டும்தான் படிப்பார்களா?

இல்லை. இந்தக் கேள்வி வராத வருடமே கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லூசி சக்மன் என்ற மானிடவியலாளர் வேலை பார்த்தார். நகலெடுக்கும் இயந்திரத்தை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று படம்பிடித்துப் பார்த்தார். உதவிக் குறிப்புகளோடு வந்த நவீன இயந்திரம் அது. கணினி அறிவியலில் கரைகண்டவர்களே இரண்டு பக்க நகல் எடுக்க முடியாமல் அதன் முன் தடுமாறி நின்றார்கள். பயனர் ஒரு திட்டத்தோடு வருவார், அதைப் படிப்படியாக நிறைவேற்றுவார் என்று நினைத்து இயந்திரத்தை வடிவமைத்திருந்தார்கள். ஆட்களோ அந்தந்த நொடியில் கண்ணில் பட்டதை வைத்து அடுத்த அடியை எடுத்தார்கள். 1987இல் புத்தகமாக வந்த இந்த ஆய்வை, மனிதரும் கணினியும் பழகும் விதத்தைப் படிக்கிறவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

அதே நிறுவனத்தில் ஜூலியன் ஓர் என்பவர் அந்த இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்களோடு சுற்றினார். நிறுவனம் அவர்களுக்குத் தடிமனான கையேடு கொடுத்திருந்தது. அவர்கள் வேலை கற்றுக்கொண்டதோ சாப்பாட்டு வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளில். எந்த இயந்திரம் எப்படி மக்கர் செய்தது, கடைசியில் எது காரணமாக இருந்தது என்பதுதான் அந்தக் கதைகள். மேலிடத்துப் பார்வையில் அது வெட்டிப் பேச்சு.

கேரன் ஹோ வால் ஸ்ட்ரீட் முதலீட்டு வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஆட்குறைப்பில் வேலை இழந்து, பிறகு அந்த வங்கியாளர்களையே ஆய்வு செய்து 2009இல் புத்தகம் எழுதினார். புருனோ லத்தூர் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து, ஓர் அறிவியல் உண்மை எப்படி உருவாகிறது என்று பார்த்தார். மருத்துவமனை, நீதிமன்றம், அகதி முகாம், இணைய விளையாட்டு என்று இன்றைய ஆய்வேடுகளின் களங்கள் விரிந்து கிடக்கின்றன. பழங்குடிச் சமூகங்களைப் பற்றிய ஆய்வும் தொடர்கிறது. ஆனால் இப்போது பல நேரங்களில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே ஆய்வாளர்களாக இருக்கிறார்கள்.

முதலாண்டில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

உறவுமுறை, பரிமாற்றம், சடங்கு, சமயம், அதிகாரம் ஆகியவைதான் பழைய அடிப்படைகள். பாலினம், இனம், உடல்நலம், குடிபெயர்வு போன்றவை பின்னால் சேர்ந்தன. பெரும்பாலும் ஒரு சமூகத்தைப் பற்றிய ஓர் ஆய்வைக் கையில் கொடுத்து, அதன் வழியாகவே கோட்பாட்டுக்கு இழுத்துப் போவார்கள்.

பரிமாற்றம் என்றால், களப்பணி முறையை நிலைநிறுத்திய மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி விவரித்த குலா என்ற பரிமாற்றம். நியூ கினிக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் கடல் கடந்து இரண்டு வகைப் பொருட்கள் சுற்றிவரும். சிவப்புச் சிப்பி மாலைகள் கடிகார முள்ளின் திசையில் போகும், வெண்சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையில் வரும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. பயன்பாடு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் கிடையாது. பிறகு எதற்கு இத்தனை ஆபத்தான பயணம்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய நீண்ட கட்டுரை முதலாண்டு வாசிப்பில் அநேகமாக இருக்கும். இலவசக் கொடை என்று ஒன்று இல்லை, கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும் திருப்பித் தருவதும் மூன்றுமே கடமைகள் என்பது அவர் வாதம்.

எனக்குப் பிடித்த பாடம் மத்திய ஆப்பிரிக்காவின் ஆசாண்டே மக்களின் சூனியம் பற்றியது. பிரிட்டிஷ் மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிட்சர்ட் 1937இல் எழுதியது. ஆசாண்டே மக்கள் தானியம் சேமிக்கும் குதிர்களைத் தூண்கள் மேல் கட்டுவார்கள். வெயில் நேரத்தில் அதன் நிழலில் ஆட்கள் உட்காருவார்கள். ஒருநாள் குதிர் சரிந்து, கீழே இருந்தவர்களுக்கு அடிபடுகிறது. கரையான் தூணை அரித்ததால் சரிந்தது என்பது ஆசாண்டேக்களுக்கு நன்றாகவே தெரியும். யாரும் அதை மறுப்பதில்லை. அவர்கள் கேட்பது அடுத்த கேள்வியை: கரையான் அரித்த தூண் என்றைக்காவது சரியும்தான், ஆனால் இந்த ஆட்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் பார்த்து ஏன் சரிந்தது? நாம் அதைத் தற்செயல் என்று சொல்லி மூடிவிடுவோம். அவர்கள் சூனியம் என்று சொல்லி விசாரணையைத் தொடங்குவார்கள். முதல் வகுப்பில் 'மூடநம்பிக்கை' என்று சொல்லும் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வந்த பிறகுதான் பாடம் சூடுபிடிக்கும்.

உறவுமுறை வரைபடம் எதற்கு? முக்கோணமும் வட்டமும் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி திருமணம், கீழே இறங்கும் கோடு பிள்ளைகள், குறுக்கே கோடு போட்டால் அவர் இறந்துவிட்டார். இவ்வளவுதான் இலக்கணம். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

எதற்கு என்ற கேள்விக்கு குரு நோய் ஒரு பதில். பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடையே 1950களில் ஒரு நோய் பரவியது. நடை தள்ளாடும், உடல் நடுங்கும், பிறகு மரணம். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே இறந்தார்கள். குடும்பங்களுக்குள் வருவதால் மரபணு நோய் என்று மருத்துவர்கள் கருதினார்கள். 1960களின் தொடக்கத்தில் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் ஆகிய இரு மானிடவியலாளர்கள் அங்கே தங்கி வம்சாவளிகளைத் திரட்டினார்கள். முதல் நோயாளிகள் யார், எந்த ஊரில், எப்போது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். நோய் வந்ததே அந்த முதியவர்களின் நினைவுக்கு எட்டும் காலத்தில்தான் என்று தெரிந்தது. இவ்வளவு புதிய, இவ்வளவு வேகமாகப் பெருகும் ஒன்று பரம்பரை நோயாக இருப்பது கடினம். இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச்சடங்கு அங்கே இருந்தது. அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் பங்கெடுத்தார்கள். அதே திசையில் ஆய்வகமும் வந்து சேர்ந்தது. நோய் தொற்றக்கூடியது என்று சிம்பன்சிகளில் நிரூபித்த கஜ்துசெக்குக்கு 1976இல் மருத்துவ நோபல் கிடைத்தது. வம்சாவளி எழுதியவர்களுக்குப் பரிசு ஒன்றும் இல்லை, அது இந்தத் துறையின் வழக்கம்.

களப்பணி என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

இருக்க வேண்டும். அதுதான் பாதி வேலை. மலினோவ்ஸ்கி 1915க்கும் 1918க்கும் இடையில் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் இரண்டு முறை நீண்ட காலம் தங்கினார். அதிகாரியின் வராந்தாவில் உட்கார்ந்து ஆட்களை வரவழைத்துக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, ஊருக்கு நடுவே கூடாரம் போட்டு, அவர்கள் மொழியைக் கற்று, அன்றாடத்தைக் கவனிப்பது என்ற முறையை நிலைநிறுத்தியதில் அவர் பங்கு பெரிது. முனைவர் பட்ட ஆய்வுக்கு இன்றும் 12 முதல் 18 மாதம் வரை களத்தில் இருப்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு.

முதல் மாதங்களில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆட்கள் உங்களிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். அவர்கள் சொல்வது எல்லாம் விதிகளாக இருக்கும்: எங்களில் இப்படித்தான், நாங்கள் இதைச் செய்ய மாட்டோம், மூத்தவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாறு மாதம் கழித்து, மூத்தவர் சொன்ன சொல்லை இளையவர் எப்படித் தட்டுகிறார், தட்டியது தெரியாமல் இருக்க எல்லோரும் எப்படிச் சேர்ந்து பாசாங்கு செய்கிறார்கள் என்பதை நேரில் பார்ப்பீர்கள். அதற்காக முதலில் சொன்னது பொய் ஆகிவிடாது. அந்த விதி இருப்பதால்தானே அத்தனை பாசாங்கும் தேவைப்படுகிறது?

களக்குறிப்பு எப்படி எழுதுவது?

பாடநூல்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். என்னைக் கேட்டால் படிப்பின் மையமே இதுதான்.

ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கு மாணவரை அனுப்பினால் முதல் தடவை இப்படி எழுதிவருவார்: 'நோயாளிகள் பொறுமையிழந்து காணப்பட்டனர். ஊழியர்கள் அலட்சியமாக இருந்தனர்.' இதில் பார்த்தது எதுவும் இல்லை. இரண்டும் தீர்ப்புகள். அதே அறையை இப்படி எழுதலாம்: '10.20. டோக்கன் 14ஐக் கூப்பிட்டார்கள். 11 இன்னும் உள்ளே போகவில்லை. நீலச்சட்டை அணிந்தவர் எழுந்து கதவு வரை போனார், கைப்பிடியைத் தொடவில்லை, திரும்பி வந்து வேறு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் விட்டுப்போன நாற்காலியில் அவருடைய கோப்பு இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மூன்று பேரில் யாரும் அதை எடுக்கவில்லை. செவிலியர் பெயர் சொல்லாமல் கையை மட்டும் அசைத்தார், மூலையில் இருந்த பெண் எழுந்து போனார்.' இப்போது கேள்விகள் தாமாக வருகின்றன. டோக்கன் வரிசை இருக்கும்போது கையசைவுக்கு எழுந்து போகிறவர் யார்? கோப்புக்கு யார் கொடுத்தது நாற்காலி பிடிக்கும் அதிகாரம்?

சில வழக்கங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். களத்தில் இருக்கும்போது சொற்களை மட்டும் கிறுக்கிக்கொண்டு, அன்று இரவே முழுமையாக எழுதுங்கள். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பாதி போய்விடும். ஒருவர் சொன்னது அச்சு அசலாக நினைவிருந்தால் மட்டும் மேற்கோள் குறி போடுங்கள், சாராம்சம் என்றால் குறி வேண்டாம். பார்த்ததையும் நீங்கள் நினைத்ததையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத இரண்டு மணி நேரம் ஆகலாம். ஆகட்டும்.

படிகளும் எடுத்து வையுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர் அருகே ராம்புராவில் களப்பணி செய்தார். அந்தக் குறிப்புகளைப் பதினெட்டு ஆண்டுகள் ஒழுங்குபடுத்தி மூன்று படிகள் வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று படிகளும் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதி 1976இல் ராம்புரா பற்றிய நூலை வெளியிட்டார். அது செவ்வியல் நூலாகிவிட்டது. எல்லோருக்கும் அந்த நினைவாற்றல் வாய்க்காது.

மக்கள் பொய் சொன்னால் என்ன செய்வது?

சொல்வார்கள். இது குறித்த பெரிய சண்டை அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீட் பற்றியது. 1925இல் சமோவாவுக்குப் போய், வளரிளம் பெண்களுடன் பேசி, அவர்களின் பருவம் அமெரிக்கப் பெண்களுக்கு இருப்பதுபோல் கொந்தளிப்பானது அல்ல என்று 1928இல் எழுதினார். 1983இல், அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, டெரக் ஃப்ரீமன் அந்த ஆய்வைக் கடுமையாக மறுத்தார். பெண்கள் விளையாட்டாகச் சொன்ன கதைகளை மீட் நம்பிவிட்டார் என்றும் பின்னர் வாதிட்டார். அதற்குப் பிறகு மீடின் குறிப்புகளை எடுத்துப் பார்த்த பலர் ஃப்ரீமனின் வாதமே பலவீனமானது என்று காட்டினார்கள். வகுப்பில் இதைப் படிக்கும்போது கட்சி பிரிந்து மோதாமல் இருக்கவே முடியாது.

நடைமுறையில், ஒரே விஷயத்தைப் பலரிடம், பல சந்தர்ப்பங்களில் கேட்பீர்கள், செயலோடு ஒப்பிடுவீர்கள். பொய் என்று தெரிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எதைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு தகவல்.

வேற்று மொழி கற்றே ஆக வேண்டுமா?

இளநிலையில் தேவையில்லை. முனைவர் ஆய்வுக்கு, களத்தின் மொழி உங்களுக்குத் தெரியாததாக இருந்தால், கற்றே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒரு நகைச்சுவையைப் புரிந்துகொள்ள முயன்றவர்களுக்குக் காரணம் தெரியும்.

சொந்தச் சமூகத்தில் ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸிடம் பயின்ற சோரா நீல் ஹர்ஸ்டன் தாம் வளர்ந்த ஃபுளோரிடாவுக்கே திரும்பிப்போய்க் கறுப்பின மக்களின் கதைகளைத் திரட்டினார். கென்யாவின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டா லண்டனில் மலினோவ்ஸ்கியிடம் படித்தபோது தம் கிக்குயு மக்களைப் பற்றித்தான் எழுதினார். 1938இல் அது நூலானது.

மொழி தெரியும், கதவு திறக்கும், நம்பிக்கை கிடைக்கும் என்பதெல்லாம் வசதிகள். தொல்லைகளும் உண்டு. உங்களுக்குப் பழகிப்போனது கண்ணில் படாது. 'உனக்குத்தான் தெரியுமே' என்று சொல்லி விளக்க மறுப்பார்கள். வெளியாள் கேட்டால் அறியாமை என்று மன்னிக்கப்படும் கேள்வியை நீங்கள் கேட்டால் திமிர் என்பார்கள். எழுதி முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போகவும் முடியாது, அவர்கள் நடுவேதான் இருந்தாக வேண்டும்.

வாசிப்பு எவ்வளவு இருக்கும்?

அதிகம். வாரத்துக்குச் சில கட்டுரைகள், ஒரு நூலின் சில இயல்கள் என்று ஒவ்வொரு தாளுக்கும் வரும். எல்லாவற்றையும் முதல் வரி முதல் கடைசி வரி வரை படிக்க முயன்றால் மூன்றாம் வாரமே மூச்சு முட்டும். கட்டுரை எதை எதிர்த்து எழுதப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள், மீதி சுலபம். ஆனால் பருவத்துக்கு ஒரு இனவரைவியல் நூலையாவது, அதாவது ஒரு சமூகத்தைக் களத்தில் இருந்து பார்த்து விவரிக்கும் நூலையாவது, முழுசாகப் படியுங்கள். இந்தத் துறையில் வாதம் பெரும்பாலும் விவரணைக்குள் ஒளிந்திருக்கும், சுருக்கத்தில் அது அகப்படாது.

கணக்கு? அடிப்படைப் புள்ளியியல் போதும். தெரிந்தால் நல்லது, தெரியாததால் யாரும் தோற்றதில்லை.

செயற்கை நுண்ணறிவைக் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன?

பல்கலைக்கழக விதியை முதலில் பாருங்கள். விதி இடம் கொடுத்தாலும், நீங்கள் மட்டுமே இருந்த அறையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதிக்கொடுக்கும். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

காலனி ஆட்சிக்குத் துணைபோன துறை என்கிறார்களே?

உண்மை. மழுப்பத் தேவையில்லை. ஆட்சி செய்கிற அதிகாரி ஆய்வாளருக்கு அனுமதி கொடுத்தார், ஆய்வாளர் ஆளப்படுகிறவர்களை விவரித்தார். மக்களை இனவாரியாக அளந்து வகைப்படுத்தியதில் இந்தத் துறைக்கு நேரடிப் பங்கு உண்டு. மலினோவ்ஸ்கியின் நாட்குறிப்பு 1967இல் வெளியானபோது, பரிவோடு பழகியவர் என்று போற்றப்பட்டவர் தீவுவாசிகளைப் பற்றித் தனிமையில் எவ்வளவு எரிச்சலோடும் இழிவோடும் எழுதியிருந்தார் என்பது தெரிந்து துறையே அதிர்ந்தது.

மறுபக்கத்தில், இனவாத அறிவியலை அமெரிக்காவில் முன்னின்று எதிர்த்தவர்களில் ஒருவர் இதே துறையின் போவாஸ். முதல் உலகப்போரில் சில மானிடவியலாளர்கள் ஆய்வைப் போர்வையாக்கி உளவு பார்த்தார்கள் என்று 1919இல் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். அமெரிக்க மானிடவியல் சங்கம் உளவு பார்த்தவர்களை விட்டுவிட்டு அவரைக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தை விலக்கிக்கொள்ள அவர்களுக்கு 2005 வரை ஆயிற்று. இந்த வரலாற்றைப் பாடத்தில் சேர்க்காத துறையில் சேராதீர்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி என்றால் என்ன?

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகக் குழு ஒன்று முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். பேசுகிறவர்களுக்கு ஆய்வு பற்றி விளக்கினீர்களா, பெயரை எப்படி மறைப்பீர்கள், பதிவுகளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பார்கள். படிவம் மருத்துவ ஆய்வை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டிருக்கும், அதனால் சில கேள்விகள் அபத்தமாக இருக்கும். பொறுமையாக நிரப்புங்கள். பெயரை மாற்றினாலும் ஒரு சிறிய ஊரில் யார் என்று ஊராருக்குத் தெரிந்துவிடும். உண்மையான சிக்கல் அங்கேதான், படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது.

எல்லாப் பண்பாடும் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். புரிந்துகொள்ளும் வரை தீர்ப்பைத் தள்ளிவை என்பதுதான் பண்பாட்டுச் சார்பியல் கேட்பது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரின் உடலைக் கழுவித் தொட்டு அடக்கம் செய்யும் வழக்கம் நோயைப் பரப்பியது. அடக்கத்தை மருத்துவக் குழுக்களே செய்யத் தொடங்கியதும் குடும்பங்கள் உடல்களை மறைத்தன. மானிடவியலாளர்கள் வழக்கத்தைச் சரி என்று வாதாடவில்லை. அந்த அடக்கத்தில் எது இல்லாவிட்டால் இறந்தவருக்கு அவமரியாதை என்று மக்கள் கருதுகிறார்கள் என்று கேட்டார்கள். குடும்பத்தார் பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், உடலை மட்டும் தொடக்கூடாது என்ற மாதிரி நடைமுறைகள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் பாதுகாப்போடு கண்ணியத்தையும் சேர்த்துக்கொண்டது.

கூச்ச சுபாவம் உள்ளவர் படிக்கலாமா?

தாராளமாக. வாயாடிகளைவிட நல்ல களப்பணியாளர்கள் ஆகிறார்கள் என்பது என் அனுபவம்.

வேலை கிடைக்குமா?

பெயர்ப்பலகையில் 'மானிடவியலாளர்' என்று போட்டிருக்கும் வேலைகள் குறைவு: பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், சில அரசு ஆய்வு நிறுவனங்கள். அங்கெல்லாம் போட்டி கடுமை, பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள்.

மீதிப் பேர் வேறு பெயரில் வேலை செய்கிறார்கள். மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு, தொண்டு நிறுவனங்களில் திட்ட மதிப்பீடு, பொதுச் சுகாதாரம், இதழியல், குடிமைப் பணி, ஆவணப்படம். பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜிலியன் டெட் தாஜிக்கிஸ்தான் திருமணச் சடங்குகளைப் பற்றி முனைவர் ஆய்வு செய்தவர். நிதிச் சந்தையை எழுத வந்தபோது, எல்லோரும் பங்குச் சந்தையைப் பேசிக்கொண்டிருக்க, யாரும் பேசாத கடன் சந்தையில் என்ன நடக்கிறது என்று தேடிப் போனார். 2008 நெருக்கடிக்கு முன்பே எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். சடங்கில் பேசப்படாமல் விடப்படுவதைக் கவனிக்கும் பழக்கம்தான் உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பெற்றோர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: பொறியியலைப்போல் வளாக நேர்காணலில் வரிசையாக வேலை கொடுக்கும் படிப்பு இதுவல்ல. முதல் வேலைக்கு அலைய வேண்டியிருக்கும். 'மானிடவியல் படித்தேன்' என்று மட்டும் சொன்னால் நேர்காணல் செய்பவருக்கு எதுவும் புரியாது. 'ஒரு மருத்துவமனையில் நான்கு மாதம் இருந்து, நோயாளிகள் ஏன் இரண்டாம் முறை வருவதில்லை என்று கண்டுபிடித்து எழுதினேன்' என்றால் நிமிர்ந்து உட்காருவார். ஆகவே இளநிலை ஆய்வேட்டின் தலைப்பைக் கடைசி நேரத்தில் எடுக்காதீர்கள். கூடவே புள்ளிவிவரக் கையாளலோ, இன்னொரு மொழியோ, படப்பதிவோ ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முனைவர் பட்டம் வரை போகலாமா?

நிதியுதவி கிடைத்தால் போங்கள். கைக்காசு போட்டுப் போகாதீர்கள். களத்தில் ஓராண்டுக்கு மேல், எழுத இரண்டு ஆண்டுகள், இடையில் மொழி என்று காலம் ஓடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு பொதுவாக 80,000 முதல் 1,00,000 சொற்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எழுதியதைப் படிப்பதோடு நிற்காமல், அவரிடம் ஆய்வு முடித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வரைவைத் திருத்தித் தர எத்தனை மாதம் எடுத்துக்கொள்வார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நல்ல துறையை எப்படி அடையாளம் காண்பது?

இறுதியாண்டு ஆய்வேடு கட்டாயமா, களப்பயிற்சி முதலாண்டிலேயே தொடங்குகிறதா, ஆசிரியர்கள் சமீபத்தில் களத்துக்குப் போனவர்களா என்று பாருங்கள். தரவரிசைப் பட்டியல் இதில் எதையும் சொல்லாது. தலைப்புகளையும் கவனியுங்கள்: மாணவர்களின் ஆய்வேடுகள் எல்லாம் ஒரே பேராசிரியரின் ஆர்வத்தைச் சுற்றியே இருந்தால், அங்கே உங்கள் கேள்விக்கு இடம் கிடைப்பது சிரமம்.

சேருவதற்கு முன் எனக்கு ஒத்துவருமா என்று சோதிக்க வழி உண்டா?

உண்டு, செலவில்லாதது. பொது நூலகமோ பேருந்து நிலையமோ, யாரும் உங்களைத் தடுக்காத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடர்ந்து சில நாள், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் உட்காருங்கள். மேலே காத்திருப்பு அறைக்குச் சொன்ன முறையில் எழுதுங்கள், யாருடைய பெயரும் வேண்டாம். கடைசி நாள் அங்கே வழக்கமாக வரும் இருவரிடம் 'இங்கே எப்படி வரிசை, யார் எங்கே உட்காருவார்கள்?' என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதையும் உங்கள் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில் உங்களுக்கு ஆர்வம் வந்தால் விண்ணப்பம் போடலாம். முதல் நாளே சலித்துவிட்டால், நூலகத்தில் ஏடுகளோடு இருக்க விரும்புகிறவர்களுக்கு வரலாறு நல்ல படிப்பு.

சேர்ந்த பிறகு பிடிக்காமல் போனால்?

முதலாண்டுக்குள் என்றால் பல இடங்களில் சமூகவியல், புவியியல், அரசியல் அறிவியல் பக்கம் மாற விடுவார்கள், படித்த தாள்களின் மதிப்பெண்ணும் கணக்கில் வரலாம். இரட்டைப் பாடமாக எடுக்கும் வசதி இருந்தால் தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். மாறுவதற்கான கடைசித் தேதியைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.